மெய்நிகர்க் கண்ணாடியும் வாங்கும் காலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் ஒரு புதிய பொருளைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் கடைத்தெருவிலே தொடங்குவதில்லை. கடல் கடந்து வாழும் உறவினரிடமிருந்தே தொடங்குகின்றது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரவிருக்கும் தொறொன்ரோ மாமா, "என்ன கொண்டுவர?" என்று தொலைபேசியிலே கேட்கின்றார். முன்னொரு காலத்தில் இவ்வினாவுக்குக் கைக்கடிகாரம் விடையாயிற்று; பின்னர் வானொலிப் பெட்டி; அதன் பின்னர்க் கைத்தொலைபேசி. இற்றைநாளில் பதினைந்து வயதுப் பையன் தயங்காது கூறும் விடை "வீ.ஆர். ஹெட்செட்" என்பதாகும். மாமா கொண்டுவராவிடின் தவணைப் பணத்திலாவது வாங்கித் தரவேண்டும் என்று அவன் தாயை நெருக்குகின்றான். அப்பொருள் யாது, அதனை இப்பொழுது வாங்கலாமா, சிறிது பொறுக்கலாமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

மெய்நிகர்க் கண்ணாடி எனத் தமிழிற் கூறத்தக்க இக்கருவி, முகத்தில் அணிந்து பின்தலையிற் பட்டியினாற் பிணைத்துக் கொள்வது. அதனுள்ளே இரு கண்களுக்கும் இரு சிறு திரைகளும், அவற்றின் முன் இரு வில்லைகளும் உள்ளன. நம்முடைய கண்கள் இரண்டும் சிறிது இடைவெளிவிட்டு அமைந்திருத்தலால், ஒரு பொருளை வலக்கண் காணும் விதம் வேறு, இடக்கண் காணும் விதம் வேறு. இவ்விரு தோற்றங்களையும் மூளை ஒன்றாக இணைக்கும்போதே ஆழம் என்னும் உணர்ச்சி நமக்குப் பிறக்கின்றது. சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1838 ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையைத் தம்முடைய இரட்டைப்படக் கருவியினால் மெய்ப்பித்துக் காட்டினார். இன்றைய கண்ணாடி அதனோடு மற்றொன்றையும் சேர்க்கின்றது. அணிந்தவர் தலையைத் திருப்பினால், அக்கணமே படமும் அதற்கேற்பத் திரும்புகின்றது. ஆதலின் படத்தைப் பார்க்கின்றோம் என்ற நினைவு மறைந்து, படத்துக்குள்ளே நிற்கின்றோம் என்ற மயக்கம் உண்டாகின்றது.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய கனவன்று. 1968 ஆம் ஆண்டில் ஐவன் சதலண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அமைத்த கருவி கூரையிலிருந்து தொங்கவிடப்படும் அளவுக்குப் பாரமாயிருந்தது. 1995 ஆம் ஆண்டில் யப்பானிய நின்ரெண்டோ நிறுவனம் 'வேர்ச்சுவல் போய்' என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. செந்நிறத்தையும் கருமையையும் தவிர வேறு நிறம் அறியாத அக்கருவி ஓராண்டளவில் அங்காடியை விட்டே மறைந்தது. 2014 இல் பேஸ்புக் நிறுவனம் ஒக்குலஸ் என்ற சிறு நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டொலருக்கு வாங்கியபின்பே இத்துறை மீண்டும் தலையெடுத்தது. 'இதோ, இம்முறை உறுதியாக வந்துவிட்டது' என்ற அறிவிப்பை உலகம் பலமுறை கேட்டுவிட்டது என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இனி விலையைப் பார்ப்போம். புதிய பொருள் எதுவும் நாட்செல்ல மலியும் என்பது பொது நம்பிக்கை. சோனி நிறுவனம் 2023 பெப்ரவரியில் 550 டொலருக்கு வெளியிட்ட கருவி, 2025 மார்ச்சில் 400 டொலராகக் குறைந்தது; பொறுத்தவர் பயன் பெற்றனர். ஆனால் 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. 'குவெஸ்ற் 2' என்ற கண்ணாடியின் விலை 299 டொலர். ஆகவே வரியும் கூலியும் நீங்கலாக 60,000 ரூபாவுக்குச் சிறிது குறைவு. மார்ச்சு மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஓகஸ்ற் மாதத்தில் மெற்றா நிறுவனமும் தன் விலையை 399 டொலராக உயர்த்திற்று. அதே பொருள் ஏறக்குறைய 1,43,000 ரூபாவாயிற்று! 'மலியட்டும்' என்று காத்திருந்தவர் இருமடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியவராயினர். எனினும், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், முன்னதாகவே 60,000 ரூபாவைக் கண்ணாடியில் முடக்கிய குடும்பம் தன்னைக் கெட்டிக்காரக் குடும்பமென்று எண்ணியிருக்குமோ என்பது ஐயமே. விலை ஏறுமா இறங்குமா என்ற ஊகத்தைக் கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயல்வது வீண்.

விலையினும் பெரிது ஆயுள். இவ்விடத்திற் குடாநாட்டு மக்களின் அனுபவம் ஒன்று நினைவுகூரத்தக்கது. 1990 ஆம் ஆண்டின் பின்னர் இங்கு மின்சாரம் நின்றது. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஆயினும் வானொலி மௌனமாகவில்லை. துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்னோட்டத்தினால் செய்தி கேட்டனர் நம்மவர். இருபது ஆண்டு பழைய பெட்டியாயினும், அதைச் செய்த கொம்பனி மூடப்பட்டிருப்பினும், காற்றில் அலை இருக்கும்வரை அது பேசிற்று. ஒரு பொருள் முழுவதும் வாங்கியவனுக்கே உரியதாக இருந்தமையின் விளைவு அது.

மெய்நிகர்க் கண்ணாடியோ அத்தகையதன்று. பெட்டியைத் திறந்த முதல்நாளே அதற்கு இணையத் தொடர்பும், கைத்தொலைபேசிச் செயலியும், நிறுவனத்தில் ஒரு கணக்கும் வேண்டும். விளையாட்டுகளை நிறுவனத்தின் கடையிலிருந்தே இறக்கிக் கொள்ளவேண்டும். நிறுவனம் மனம் மாறினால் கருவியின் கதி யாது? 'ஒக்குலஸ் கோ' 2018 இல் வந்தது. 2020 இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2019 இல் வந்த முதலாவது 'குவெஸ்ற்' கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஓகஸ்றுடன் முடிந்தன. கூகிள் தன் 'டேட்றீம்' முயற்சியை 2019 இல் கைவிட்டது. மைக்குரோசொப்ற் நிறுவனத்தின் ஏற்பாட்டை நம்பி எச்.பி. நிறுவனம் 2020 இல் 600 டொலருக்கு விற்ற கருவிக்கு, 2024 இல் வெளிவந்த விண்டோஸ் 11 இன் புதிய பதிப்பில் இடமில்லாமற் போயிற்று. உடைந்து போகாத, கீறல்கூட விழாத கருவிகள் நான்கைந்து ஆண்டுகளில் ஆதரவிழந்த கதை இது. கண்ணாடிகளை உள்ளடக்கிய மெற்றாவின் பிரிவு 2024 ஆம் ஆண்டில் மட்டும் 1,770 கோடி டொலர் அளவில் நட்டமடைந்தது. அத்தகைய நட்டத்தை ஒரு வணிகர் எத்தனை ஆண்டு பொறுப்பார் என்பது மெற்றாவுக்கு மட்டுமன்றி, வாங்குவோருக்கும் உரிய வினா.

உடல்நலமும் கருதத்தக்கது. நாம் அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு விழிகளும் உட்புறமாகத் திரும்புகின்றன. அதே வேளையில் கண்ணின் வில்லையும் தடித்துக் குவிகின்றது. இவ்விரு செயல்களும் பிறந்தநாள் முதல் இணைந்தே பழகியவை. கண்ணாடியினுள்ளோ, படம் அருகே வந்தால் விழிகள் திரும்புகின்றன. ஆனால் ஒளி வருவது எப்பொழுதும் ஒன்று முதல் இரண்டு மீற்றர் தொலைவிலிருந்து வருவது போன்ற நிலையிலேயே ஆதலால், வில்லை மாறாது நிற்கவேண்டியிருக்கின்றது. கண் களைப்பதும் தலை வலிப்பதும் இதனாலேயே. மற்றொரு தொல்லை தலைச்சுற்றல். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகின் உட்புறத்தில் இருந்து செல்வோர் அதனை நன்கறிவர். அங்கு உட்செவி 'அசைகின்றோம்' என்கின்றது. எதிரேயுள்ள பலகைச் சுவரைக் காணும் கண் 'அசையவில்லை' என்கின்றது. கண்ணாடியில் இது தலைகீழாகின்றது: கண் ஓடுகின்றது, உட்செவி நிற்கின்றது. சிலருக்குச் சில நாளிற் பழகிவிடும்; சிலருக்கு எஞ்ஞான்றும் பழகாது. வாங்குமுன் அரைமணி நேரமாவது அணிந்து பார்த்தாலன்றி, தாம் எவ்வகையினர் என்பதை ஒருவர் அறிய முடியாது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மெற்றாவும், 12 வயதுக்குக் குறைந்தோருக்குச் சோனியும் தம் கருவிகளை விலக்கியுள்ளன. வீட்டிலுள்ள சிறுபிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இவ்விதியைக் காப்பாற்றுவது தாய்க்கு எளிதன்று.

வீட்டமைப்பும் ஒத்துவர வேண்டும். நின்று விளையாடுதற்கு நீளம் இரண்டு மீற்றர், அகலம் இரண்டு மீற்றர் வெற்றிடம் வேண்டும். தலைக்கு மேலே தாழத் தொங்கும் மின்விசிறியும் இருத்தலாகாது. முற்றத்தில் இடம் உண்டே எனலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வெயில் இக்கருவிக்குப் பெரும் பகை. வில்லையினூடே நேராக விழும் சூரிய ஒளி ஒரு புள்ளியிற் குவிந்து உள்ளேயுள்ள திரையைச் சுட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் உருப்பெருக்கியினாற் கடதாசியை எரித்துப் பார்த்தோர்க்கு இது விளங்கும். இருட்டிலும் பயனில்லை, கருவியின் ஒளிப்படக் கண்கள் அறையைக் கண்டுகொள்ள வெளிச்சம் வேண்டும். மின்வெட்டு வேளையிற் பற்றரியில் மின் இருந்தும் கண்ணாடி தடுமாறும்.

மொத்தச் செலவு எவ்வளவு? 2024 ஒக்ரோபரில் வெளிவந்த 'குவெஸ்ற் 3எஸ்' என்ற மலிவான கருவியின் அறிமுக விலை 300 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என வைத்துக்கொண்டால் 90,000 ரூபா. வரியும் அனுப்புகூலியும் விற்பவர் இலாபமும் வேறு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் 20, 30 டொலர் கொடுக்க வேண்டும். அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்துவதென 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அந்த உயர்ந்த சம்பளத்திலும் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பணம் இது. தவணைக் கடனில் வாங்கினால், பையனின் ஆசை தணிந்தபின்னும் தவணை தணியாது.

ஆகவே விளையாட்டுக்காக மட்டும் கடன்பட்டு இப்பொழுது வாங்குதல் தகாது என்றே கூறவேண்டும். ஒருவகையினருக்கு மட்டும் இத்தீர்ப்புப் பொருந்தாது. கணினிக் கல்வி கற்று, இத்தகைய காட்சிகளைத் தாமே ஆக்க முயலும் இளைஞருக்கு அது விளையாட்டுப் பொருளன்று. தச்சனுக்கு உளி போன்றது. அவர்கள் மலிவான ஒன்றை இப்பொழுதே வாங்கிப் பழகுவதில் நியாயம் உண்டு. மூன்றாண்டிற் கருவி பழசானாலும் கற்ற தொழில் பழசாகாது.

ஏனையோர்க்கு ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கின்றது. 1980 களில் வீடியோ 'டெக்' வந்தபோது வீட்டுக்கொன்று வாங்கியவர் சிலரே. தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் மின்பிறப்பாக்கியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயலாரெல்லாம் பணம் சேர்த்து, முற்றத்திற் பாய்விரித்து விடியும்வரை மூன்று படம் பார்த்தனர். உலகில் இருவகை நாடாக்கள் போட்டியிட்டு ஒன்று தோற்றபோது, வாடகைக்கு எடுத்தவருக்கு நட்டம் ஏதுமில்லை. வானொலியும் முதலிற் பல கிராமங்களிற் சனசமூக நிலையத்துப் பொதுப்பெட்டியாகவே ஒலித்தது. பாடசாலையோ பழைய மாணவர் சங்கமோ ஒரு கண்ணாடியை வாங்கி வைத்தால், இதயத்தின் அறைகளையும் கோள்களின் ஓட்டத்தையும் மாணவர் பலர் உள்ளே நின்று காணலாம். விளையாட விரும்புவோரும் முறைவைத்து விளையாடலாம். பெரும்பாலான காட்சிகள் ஆங்கிலத்திலேயே உள்ளமையால், ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்து விளக்க அதுவே வாய்ப்பும் ஆகும்.

மாமா கேட்காமலே கொண்டுவந்து விட்டாராயின், அன்பளிப்பை மறுப்பது வழக்கமன்று. அப்பொழுது செய்யவேண்டியன சில. அவர் பயணப்பட்டுத் திரும்புமுன்னரே, பழைய கணக்கை நீக்கிப் பையனின் வயதுக்கேற்ற புதிய கணக்கைப் பெற்றோர் மேற்பார்வையில் அமைத்துவிட வேண்டும். கொள்வனவுச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா என்று கேட்டறிய வேண்டும். கடனட்டை இலக்கத்தைக் கருவியிற் பதிந்து விடலாகாது. விளையாடி முடிந்ததும் வில்லைகளைத் துணியால் மூடி, யன்னல் வெயில் படாத அலுமாரியில் வைத்தல் வேண்டும்.