உங்களுக்குத் தெரியுமா? மின்விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை!

ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் அந்த அறையைச் சற்றே சூடாக்குகிறது. அது இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது.

• குளிர்ச்சி நடப்பது நம் தோலில். காற்று பட்டு வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆள் எழுந்து போய்விட்டால் ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை.

• நம்ப முடியவில்லையா? இரவெல்லாம் ஓடிய ஃபேனைக் காலையில் அணைத்து, இறக்கைகள் நின்றபின் நடுவிலிருக்கும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று இருக்கும். பெட்டி மாதிரியான பழைய ரெகுலேட்டரும் அப்படித்தான். ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்தால், மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை அது சூடாக்கியே வீணடித்துவிடும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு, அவசியம் மாற்றிவிடுங்கள்.

• சாதாரண ஃபேன் சுமார் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் எங்கே, 22 யூனிட் எங்கே! மூன்று ஃபேன் உள்ள வீட்டில் மிச்சம் கிட்டத்தட்ட 97 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவிக்கப்பட்டதே 100 யூனிட்தான்.

• ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினாலே ஏசியின் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும்.