புகையும் மூளையும்

அண்மையில் ஊராட்சிக் கூட்டம் ஒன்றில் புகையிலையின் தீமையைப் பற்றி நாம் எடுத்துரைத்தபோது, முதிய விவசாயி ஒருவர், பீடிப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பது தமக்குத் தெரியும் என்றும், மூளைக்கு அதனால் என்ன கேடு வரும் என்றும் வினவினார். நியாயமான வினாவே. அதற்குரிய விடையை யாவரும் அறிதல் நலம்.

கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் நாளடைவில் காறிப்போகிறது. காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு சேர்ந்து அதைக் கெடுப்பதே காரணம். இதனை ஆக்ஸிஜனேற்றம் என்பர். நம் உடலிலும் இது ஓரளவு நிகழ்கின்றது. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதத்தை அதுவே பயன்படுத்துகின்றது. மூளை அணுக்களின் உறையிலோ எளிதில் காறக்கூடிய கொழுப்பு மிகுந்துள்ளது. ஆகவே ஏனைய உறுப்புகளைவிட மூளைக்கு இவ்வாபத்து அதிகம்.

சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகையில், எதிர்ப்பட்ட பொருளைத் தாக்கும் நிலையற்ற துகள்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அக்ரோலின், காட்மியம் முதலிய நச்சுப் பொருள்களும் இரத்தத்தில் கலக்கின்றன. இக்கேட்டைத் தடுக்கும் வைட்டமின் 'சி' புகைப்போர் உடலில் குறைந்துவிடுகின்றது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவோ, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் சிவப்புப் பொருளைப் பற்றிக்கொள்கின்றது. இவற்றால் மூளை அணுக்கள் நலிவதோடு, இரத்தக் குழாய்களும் பழுதுற்று, பக்கவாதம் நேர ஏதுவாகின்றது. பீடி இலையில் சுற்றியதாதலின் தீங்கு குறைவு என்று எண்ணுவதும் தவறு.

எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. புகைப்பதை நிறுத்திய ஓரிரு நாட்களிலேயே அந்நச்சு வாயு இரத்தத்தினின்று நீங்குகின்றது. பக்கவாத அபாயமும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகின்றது.

புகைப்பவர் விடும் புகை அருகிலுள்ள குழந்தைகளையும் தாக்குகின்றது. பொது இடங்களில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஊராட்சி அலுவலகமும் பொது இடமே. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் கூட்ட அறையிலிருந்தே இந்நற்பணியைத் தொடங்குவார்களாக. விதைக்கடலையைக் காறாமல் காக்கும் விவசாயி, தம் மூளையையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.