போலி டர்போ மலை ஏறுமா?

பொழுது விடிகிற நேரம். கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். போடிநாயக்கனூரில் இது அன்றாடக் காட்சி.

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பள்ளம். என்ஜினை நம்பித்தான் அத்தனை உயிர்களும் மேலே போகின்றன.

இப்போது ஓடும் பல ஜீப்புகளின் என்ஜினில் "டர்போ" இருக்கிறது. அதன் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

டர்போ என்றால் என்ன?

ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு நன்றாக எரிகிறது அல்லவா? டர்போவும் ஊதுகுழல் மாதிரிதான். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. டீசல் கூடுதலாக எரிகிறது. இழுவை கூடுகிறது. உயரே போகப் போகக் காற்று லேசாகும். ஆகவே மலை வண்டிக்கு இது பெரிய துணை.

1905-ம் ஆண்டில் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றவர், ஸ்விட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி.

அசலும் போலியும்

இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுழலக் கூடியது. எடையில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் ஆட்டம் கண்டுவிடும். அதனால் அசலை எடை சமன் பார்த்துத் தேய்த்துச் சரி செய்கிறார்கள். புகை படும் சக்கரத்தைச் சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்க்கிறார்கள்.

போலி செய்பவர் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார். பெட்டி மட்டும் அச்சு அசலாக இருக்கும்!

விளைவு? பேரிங் தேயும். இறக்கை உடையும். ஆயில் கசிந்து என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ஓடலாம்! மலை வளைவில் அப்படி நடந்தால் என்ன கதி?

ஏமாறாதீர்கள்!

ஏலக்காய் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்பதில்லை. பருமன் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார். பிறகுதான் விலை சொல்கிறார். உதிரி பாகம் வாங்கும்போதும் அந்தக் கவனம் வேண்டும்.

விலை பாதிக்குப் பாதி குறைவா? சந்தேகப்படுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும், டர்போவின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா? பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். அதில் போலியை வைத்து விற்றுவிடுவார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். காலத்தில் ஆயில் மாற்றாவிட்டால் அசலும் கெடும்.

போலி முத்திரையிட்ட பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போலி வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் அந்த ஜீப்பில் போகிறவள் ஒரு வீட்டின் தாய். மாலையில் அவள் திரும்பி வர வேண்டாமா?