கொதிகலனின் உட்பகை

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. இங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பும் கடினமும் உடையது. அதனைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்சுண்ணம் படிதலை நம்மவர் நன்கறிவர். நெசவும் சாயமும் வழிவழி வந்த இந்நாட்டில், சாயச்சாலையொன்று பாய்லர் என்னும் நீராவிக் கொதிகலன் வைப்பின், அதனைக் காப்போர் முதலிற் கவலுவதும் இச்சுண்ணம் பற்றியே. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு பகையும் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

நீரால் இரும்பு துருப்பிடிக்கும் என்பர். உண்மையில் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவே அவ்வரிப்புக்கு முதற்காரணம். 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். அது செலவாகிவிடின் அரிப்பும் பெரிதும் அடங்கும். குளிர்நாட்டு வீடுகளில் அறைகளைச் சூடேற்றும் குழாய்களுள் ஒரே நீர் ஆண்டுக்கணக்காகச் சுழன்றும் அவை நிலைத்திருப்பது இதனாலேயாம். ஒழுக்கு நேர்ந்து அடிக்கடி புதுநீர் விடும் வீட்டிலோ அவை விரைவிற் கெடும்.

நமது கொதிகலனின் நிலை இதற்கு மாறானது. ஆவி வெளியேற, நாடோறும் புதுநீர் புகுகின்றது. அதனுடன் புதிய பிராணவாயுவும் புகுகின்றது. நீரை மென்மையாக்கும் பொறி சுண்ணத்தைத் தடுக்குமேயன்றி இவ்வாயுவைத் தடுக்காது. இஃது இரும்பெங்கும் சமமாக அரியாமல், ஆங்காங்கே குழிதோண்டும். வெளியே பளபளக்கும் தகடு உள்ளே மெலிந்திருக்கும். ஆவியின் அழுத்தம் தாங்காது வெடிப்பின், அருகே நின்று உழைப்போர் உயிர்க்கே கேடாம்.

இதற்குரிய காப்புகள் நான்கு. முதலாவது, உட்செலுத்தும் நீரை முன்னரே தொட்டியிற் கொதிநிலைக்கு அண்மையாகச் சூடாக்குதல். வெப்பம் மிக, வாயு நீரைவிட்டு நீங்கும். இரண்டாவது, எஞ்சிய வாயுவைச் சோடியம் சல்பைட்டு என்னும் உப்பினாற் போக்குதல். பிராணவாயு ஒரு பங்குக்கு இவ்வுப்பு ஏறக்குறைய 8 பங்கு வேண்டும். மூன்றாவது, கலனிலுள்ள நீரைக் காரத்தன்மை குன்றாமற் காத்தல். நான்காவது, ஆவி குளிர்ந்து உண்டாகும் நீரை வீணாக்காது தொட்டிக்கே திருப்புதல். இதனாற் புதுநீரின் தேவை குறையும். நீரருமை அறிந்த நம் நாட்டிற்கு இஃது இரட்டை இலாபம்.

வேலையற்ற நாட்களிற் கலனை அரைகுறை நீருடன் விடலாகாது. மருந்திட்ட நீரால் முழுதும் நிரப்புக. இன்றேல் முற்றும் உலர்த்துக.

1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் கலனைச் சோதித்துச் சான்று பெறுமாறு விதிக்கின்றன. எனினும் சோதிப்போர் வருவது ஒருநாள்; நீர் புகுவது நாடோறும். ஆதலின் நாடோறும் நீரைக் காப்பதே கலனையும், அதனருகே உழைப்போரையும் காப்பதாகும்.