'எங்க நாய் ஒண்ணும் பண்ணாது!' - தெருவில் திரியும் வளர்ப்பு நாய், கூண்டில் வாடும் தாய் நாய்... நாம் என்ன செய்யலாம்?

"எங்க நாய் ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க!"

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் காலையில் வாக்கிங் போகும் எவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. சொல்பவர் கையில் சங்கிலி இருக்காது. நாய் நம் முழங்காலை மோந்துகொண்டிருக்கும்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவலாளியாக இருந்தவரின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை. நாய்களை வளர்த்தவர் பக்கத்திலேயே குடியிருந்தவர். நாய்களுக்கு மாநகராட்சி உரிமம் இல்லை. அவர் கைது செய்யப்பட்டார்.

2025 ஆகஸ்ட்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டின் கடைசியில் சென்னை மாநகராட்சி கெடுபிடியானது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம், மைக்ரோசிப் கட்டாயம் என்றது. பிட்புல், ராட்வீலர் நாய்களுக்குப் புதிதாக உரிமம் கொடுப்பதையும் நிறுத்தியது.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் 'எந்த இனம்?' என்றுதான் கேட்கிறோம். அந்த நாய் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, அதன் தாய் என்ன ஆனது என்று கேட்பதில்லை. பிரச்னையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இனத்தைத் தடை செய்தால் போதுமா?

23 வகை நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி, 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயிரம் விளக்கு சம்பவத்துக்குப் பிறகு தமிழக கால்நடை பராமரிப்புத் துறையும் அதேபோல ஓர் அறிவிப்பை வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்றது.

பெரிய தாடை உள்ள நாய் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால், கடிக்கும் குணத்துக்கு இனம் மட்டுமே காரணமல்ல. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை, நாய்க்குட்டிக்கு அது பள்ளிக்கூடம் போகும் வயது. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், 'இந்த அளவுக்குக் கடித்தால் வலிக்கும்' என்பதைக் கற்றுக்கொள்கிறது. மனிதர்கள், சத்தம், வாகனம் எல்லாம் பழகுவதும் அப்போதுதான். ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டு, பிறகு மாடியிலோ கார் ஷெட்டிலோ சங்கிலியில் கட்டிப்போடப்படும் நாய்க்கு இந்தப் படிப்பு கிடைப்பதே இல்லை.

யாரும் பார்க்காத தாய்

நாய்க்குட்டி வாங்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போன காலம் உண்டு. இப்போது போனிலேயே முடிந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் குட்டியின் வீடியோ, வாட்ஸ்அப்பில் பேரம், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டெலிவரி. 'வீடு ரிப்பேர் நடக்குது, நானே கொண்டுவந்து தர்றேன்' என்று விற்பவர் சொன்னால், நாமும் 'நல்லதாப் போச்சு' என்று விட்டுவிடுகிறோம். அந்த வீட்டுக்குள் இருக்கும் தாயை நாம் பார்ப்பதே இல்லை.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்கள். பெரும்பாலான பெட்டை நாய்கள் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒரு முறைகூட விடாமல் இணை சேர்த்தால் வருடத்துக்கு இரண்டு ஈத்து. குட்டிகளுக்குப் பால் கொடுத்தே உடம்பில் கால்சியம் வற்றி, வலிப்பு வரும். ஓய்வே கிடைக்காத உடம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். வெறும் சிமென்ட் தரையிலேயே படுத்துக் கிடந்து முழங்கை காய்த்துப்போகும். மடி தொங்கிப்போகும். கருத்தடை செய்யாத நாய்களுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் சீழ் கோக்கும் ஆபத்தும், மடியில் கட்டி வரும் ஆபத்தும் கூடவே வரும். இனிமேல் குட்டி போடாது என்றானதும், சிலர் அதை ஏதாவது ஒரு சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டு இன நாய் ஒன்று தெருவில் மிரண்டு நிற்பதைப் பார்த்தால், அதன் மடியைக் கவனியுங்கள். கதை புரிந்துவிடும்.

பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டையான முகமுள்ள நாய்களுக்கு மூச்சுவிடுவதே சிரமம். பல நேரங்களில் சிசேரியன் செய்துதான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கும். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை நம் ஊர்க் கத்திரி வெயிலில் வளர்ப்பது இன்னொரு கொடுமை. தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இவை உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு விதை போட்டவர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதன் தொடக்கம். தேவையான உணவு, தண்ணீர், இடம் தராமல் இருப்பது, குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பது, அடைத்து வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது, கைவிடுவது எல்லாமே இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். ஆனால், முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். 1960-ல் வைத்த தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு குட்டியைப் பல ஆயிரத்துக்கு விற்பவருக்கு இது டீ செலவு.

2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் இன்னும் தெளிவானவை. பிரீடர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த பருவங்களில் சினைப்படுத்தக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

நாயை அஜாக்கிரதையாக விட்டு மனித உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ ஏற்படும் நிலையை உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பக்கத்து வீட்டில் இப்படி நடந்தால்?

* முதலில் பேசுங்கள். 'உங்க நாயால தூக்கமே போச்சு' என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். 'அண்ணா, ராத்திரி முழுக்க குரைக்குதே... அதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று கேட்டுப் பாருங்கள். ஓயாமல் குரைக்கும் நாய் பெரும்பாலும் தனியாகக் கட்டிக் கிடக்கும் நாய்தான்.

* பலன் இல்லையென்றால் குறித்து வையுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது. உங்கள் வீட்டிலிருந்தோ பொதுச் சாலையிலிருந்தோ தெரிவதை மட்டும் வீடியோ எடுங்கள். சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அவமானப்படுத்துவதால் நாய்க்கு ஒரு லாபமும் இல்லை. அதை ராவோடு ராவாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

* யாரிடம் புகார் தருவது என்பதில்தான் புறநகரில் குழப்பம். வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், சோழிங்கநல்லூர் எல்லாம் சென்னை மாநகராட்சி. 1913-ல் சொல்லலாம். பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் ஆகியவை 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி. உங்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மேடவாக்கம், முடிச்சூர் போன்றவை ஊராட்சிகள். அங்கே ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். எதுவும் நகரவில்லை என்றால், திங்கள்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

* நாய் பட்டினியாகவோ காயத்தோடோ இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்கள். கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடமும் சொல்லுங்கள். அரசு கால்நடை மருத்துவர் நாயைப் பரிசோதித்துக் கொடுக்கும் சான்று, வழக்குக்குப் பெரிய பலம்.

* கோபத்தில் விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தவிர, தப்பு செய்தது நாய் அல்ல.

* கடித்துவிட்டால், 'வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 'நாயே வளர்க்கக் கூடாது' என்று தீர்மானம் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. தடுப்பூசிச் சான்று காட்டுவது, பொது இடத்தில் சங்கிலி, கழிவை வளர்ப்பவரே அள்ளுவது என்று எல்லோரும் பேசி ஒப்புக்கொள்ளலாம்.

குட்டி வாங்கப் போகிறீர்களா?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தாயைக் காட்ட முடியுமா?"

நேரில் போய்ப் பாருங்கள். தாய் எலும்பும் தோலுமாக இருக்கிறதா, மனிதரைப் பார்த்தால் ஒடுங்குகிறதா, படுக்க மெத்தையோ சாக்கோ இருக்கிறதா, வயது என்ன, இது எத்தனையாவது ஈத்து, பதிவுச் சான்று எங்கே? மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். 'பாவம், இந்தக் குட்டியையாவது காப்பாத்துவோம்' என்று பணம் கொடுத்து வாங்கினால், அந்தத் தாயை அடுத்த முறையும் சினைப்படுத்த நாமே காசு கொடுத்ததாக ஆகிவிடும். வாங்காமல் வந்து, புகார் கொடுங்கள்.

நாய் வளர்க்க ஆசை, ஆனால் குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றில்லை என்பவர்களுக்கு, காப்பகங்களில் நம் ஊர் நாய்க்குட்டிகள் எத்தனையோ காத்திருக்கின்றன. வெயிலும் மழையும் அவற்றுக்குப் பழக்கம். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, தினமும் இரண்டு வேளை சங்கிலியோடு நடக்கக் கூட்டிப்போனால் போதும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள், முக்கியமாக முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற வெள்ளம் வரும் பகுதிகளில் இருப்பவர்கள், இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடியவே முடியாது என்றால், சங்கிலியையாவது அவிழ்த்துவிடுங்கள்.