ஆப்பிரிக்காவில் நம்ம ஊர் அடிபம்பு!

பாரதி பூங்கா ஆயி மண்டபம் முன்னாடி போட்டோ எடுக்காத புதுச்சேரி ஸ்டூடண்ட் உண்டா? ஊருக்கு நல்ல தண்ணி வந்ததோட நினைவா, மூன்றாம் நெப்போலியன் காலத்துல கட்டின மண்டபம் அது. ஆனா, அதைவிடப் பல மடங்கு பேரோட தாகம் தீர்த்த இன்னொரு ஹீரோவுக்கு மண்டபமும் இல்ல, சிலையும் இல்ல. அவர் பேரு... அடிபம்பு!

சிரிக்காதீங்க மக்களே! உகாண்டா, கானா, மாலின்னு ஆப்பிரிக்க கிராமங்கள்ல குழந்தைங்க எம்பி எம்பி அடிக்கிற பம்பைப் பாருங்க. நம்ம தெருமுனை பம்போட அச்சு அசல் ஜாடை! அதோட பேரே 'இந்தியா மார்க் 2'.

பிறந்த கதை

1960-களின் கடைசியில வறட்சி. யுனிசெஃப் உதவியோட பாறையைத் துளைச்சு ஆயிரக்கணக்குல போர் போட்டாங்க. தண்ணி வந்துச்சு, பம்புதான் நிக்கல. ஒரு வீட்டுக்குன்னு செஞ்ச வார்ப்பிரும்பு பம்பு, ஒரு ஊரே நாள் முழுக்க அடிச்சா தாங்குமா?

சோலாப்பூர்ல ஓடிக்கிட்டிருந்த ஒரு பம்பை அடிப்படையா வச்சு, யுனிசெஃப்பும் அரசும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து 1970-கள்ல உருவாக்கினதுதான் மார்க் 2. கைப்பிடிக்கு பால் பேரிங். ராடு நேரா ஏறி இறங்க ஒரு செயின். அவ்வளவுதான் சூட்சுமம்! சுமார் 50 மீட்டர் ஆழத்துலேர்ந்தும் தண்ணி இழுக்கும். காப்புரிமை கிடையாது. யார் வேணும்னாலும் செய்யலாம். அதனாலதான் கடல் தாண்டிச்சு. உகாண்டாவுல இதையே கொஞ்சம் மாத்தி 'யு2'ன்னு தங்களோட ஸ்டாண்டர்டாவே ஆக்கிட்டாங்க.

சிக்கல் எங்கே?

உள்ளே இருக்கிற வாஷர் தேஞ்சா, மொத்தக் குழாயையும் வெளியே தூக்கணும். அதுக்கு வண்டி, ஆளு, டூல்ஸ் எல்லாம் டவுன்லேர்ந்து வரணும். வர்ற வரைக்கும் ஊர் ஜனங்களுக்குக் குட்டைத் தண்ணிதான். இன்னொரு தலைவலி, துரு. அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீர் இரும்புக் குழாயை அரிச்சுடும். தண்ணி செம்பழுப்பா வரும். பம்பு நல்லா ஓடினாலும் ஜனங்க பழைய குட்டைக்கே திரும்பிடுவாங்க. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள்ல 36 சதவீத கைப்பம்புகள் வேலை செய்யலைன்னு 2009-ல ஒரு மதிப்பீடு சொல்லுச்சு.

இதுக்கும் நம்ம பக்கத்துலதான் விடை தேடினாங்க. 1980-கள்ல கோயம்புத்தூர் பகுதி கிராமங்கள்ல சோதிச்சுப் பார்த்து வந்தது மார்க் 3. குழாயை அகலமாக்கினாங்க, குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் உருவிடலாம். ஊர்க்காரங்களே ஸ்பேனரோட இறங்கலாம்.

இன்ஜினீயரிங் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 'கிராமத்துக்குத் தண்ணீர்'னு தலைப்பு வைக்கிறீங்களா? சென்சார் எத்தனைன்னு அப்புறம் யோசிக்கலாம். திறப்பு விழா முடிஞ்சு நீங்க பஸ் ஏறின பிறகு, பத்து ரூபா வாஷர் போச்சுன்னா அதை யாரு மாட்டுவாங்க? முதல்ல அதை எழுதுங்க பாஸ்!