வாடகை வீட்டின் கூரை ஒழுகினால்

தோட்ட லயத்தில் கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது என்பதை நம்மவர் நன்கறிவர். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளைச் செப்பமாக வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் மீது சுமத்தியுள்ளது. நிர்வாகம் கவனியாவிடில் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால், பேராக் மாநிலத்தில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின்னர், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தனியார் வீடுகளில் வாடகைக்குக் குடியேறிய குடும்பங்கள் உள்ளன. அங்கே வீட்டுக்காரர் நமக்கு முதலாளி அல்லர். ஆகவே, அச்சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது.

முன்பு, 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முற்பட்ட கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகை ஏறாததால், பழுதுபார்க்கப் பணம் செலவிட உரிமையாளர் பலருக்கு மனம் வரவில்லை. நகரங்களின் பழைய கடைவீடுகள் சிதைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. இன்று பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது பெரிதும் வாடகை ஒப்பந்தத்தையே பொறுத்துள்ளது.

எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கூரை, மின்கம்பி, குழாய், மலக்குழி ஆகியவற்றை யார் பழுதுபார்ப்பது என்பதனை ஒப்பந்தத்தில் எழுதச் செய்தல் வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரையற்ற ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. "தெரிந்தவர்தானே" என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. சங்கடம் வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

குடியேறிய பின் பழுது ஏற்பட்டால், வீட்டுக்காரருக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதி, நியாயமான தவணையும் குறிப்பிடுக. கடிதத்தின் நகலையும், பழுதான இடத்தின் படங்களையும், வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்துக. அவசரம் கருதி நாமே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்ள நினைத்தால், அவருடைய சம்மதத்தை முதலில் எழுத்தில் பெறுதல் அவசியம்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். கூரை ஒழுகுகிறது என்பதற்காக வாடகைக் கடன் தானே தீர்ந்துவிடாது. 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டத்தின்படி, பாக்கி வாடகைக்காக வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்ற வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் ஆணை கோரலாம். நியாயம் நம் பக்கம் இருந்தும், தொலைக்காட்சிப் பெட்டியும் தையல் இயந்திரமும் ஏலத்திற்குப் போகும் நிலை நமக்கு ஏன்? அதேபோல் வீட்டுக்காரரும் நினைத்தபடி நடக்க இயலாது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றிப் பொருள்களைத் தெருவில் வைப்பது சட்டப்படி செல்லாது.

சுவர் சாய்ந்து உயிருக்கு ஆபத்து எனும் நிலையானால், ஈப்போ மாநகர் மன்றம் போன்ற உள்ளூராட்சி மன்றத்தில் புகார் செய்க. ஆபத்தான கட்டடத்தைச் செப்பனிடவோ இடிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட, 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் மன்றத்திற்கு இடமளிக்கிறது. குடியிருப்போர் வீட்டைக் காலி செய்ய நேரிடலாம் என்பதையும் எண்ணிப் பார்த்து, மாற்று இடம் தேடி வைத்துக்கொள்வது நலம்.

ஒப்பந்தத்தை மீறியதால் ஏற்பட்ட நட்டம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதாயின், வழக்கறிஞர் இன்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். வருமானம் குறைந்தோர் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம். செல்லும்போது ஒப்பந்தம், ரசீதுகள், கடித நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்க.